கடைசி வண்டி

அக்கரை. அதிகாலை 4.40.

பெட்ரோல் பங்கு வெளிச்சத்தில் 14 வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. டேங்க் நிரப்பியாயிற்று, காற்று பார்த்தாயிற்று, செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. நான்கு நாள் பயணம். சென்னையில் கிளம்பி, கடலை இடது கைப் பக்கமே வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை. தை முடியப்போகிறது, பனி விடவில்லை. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி துடைக்கத் துடைக்க மங்குகிறது.

லீட் போகும் அண்ணன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து விதிகளைச் சொல்கிறார். தெரிந்தவைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒருவர் வலது தடத்தில் போனால் அடுத்தவர் இடது தடத்தில், மாற்றி மாற்றிப் போக வேண்டும். குழி வந்தால் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்ட வேண்டும். இடது கையில் ஒரு விரல் உயர்ந்தால் ஒற்றை வரிசை. டேங்கைத் தட்டினால் பெட்ரோலுக்கு நிற்க வேண்டும் என்று அர்த்தம். சாலை பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர் வந்து சேரும்வரை நகரக் கூடாது. கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கண்ணாடியில பின்னாடி வர்றவரோட லைட்டு தெரியணும். தெரியலையா, வேகத்தைக் குறைங்க. அப்பவும் தெரியலையா, ஓரமா நில்லுங்க. அவ்வளவுதான்."

இந்த ஒரு விதிக்காகத்தான் நான் இந்தக் கிளப்பில் இருக்கிறேன்.

என் இடம் கடைசி. ரைடு போகிறவர்கள் இதை ஸ்வீப் என்பார்கள். யார் நின்றாலும் அவருக்குப் பின்னால் நிற்பது, யாரையும் விட்டுவிட்டு முன்னே போகாமல் இருப்பது. வேலை இவ்வளவே. டூல் பை, பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி மூன்றும் என் வண்டியில் கட்டியிருக்கின்றன. மேலே ஒளிப்பட்டை தைத்த மஞ்சள் சட்டை. அது என்னுடையதல்ல. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

*

கடைசியில் போகிறவனுக்கு முகங்கள் கிடையாது, முதுகுகள்தான். டாக்டர் இடது தோளை ஒரு விரற்கடை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவார். வங்கிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கல்லாவில் இருப்பதைப் போல. அண்ணன் தம்பி இருவர் வந்திருக்கிறார்கள். மூத்தவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் இளையவரும் திருப்புகிறார், அவருக்கே தெரியாமல். மகாபலிபுரம் தாண்டுவதற்குள் யாருக்கு நேற்று தூக்கமில்லை என்று முதுகை வைத்தே சொல்லிவிட முடிகிறது.

*

மரக்காணம்.

விடிந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். உப்புக்கான பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. பாத்திகளில் தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை, ஆனால் வானம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. சேற்றைக் காலால் மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் நான்கைந்து பேர். ஒருவர் மிதித்த இடத்திலேயே இன்னொருவர் மிதித்துக்கொண்டு மெல்ல நகர்கிறார்கள்.

பத்து நிமிடம் நின்றோம். யாரும் பேசவில்லை.

*

வரிசை என்பது ரப்பர் மாதிரி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 14 வண்டிகளும் ஒரே வேகத்தில் போவதாகத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. முதல் வண்டி ஒரு வேகத்தடைக்காக 70-லிருந்து 20-க்கு இறங்கி மறுபடி 70-க்கு ஏறிவிடும். அப்போது நடுவில் இருப்பவர் இன்னும் தடையை நெருங்கிக்கொண்டிருப்பார். அவர் ஏறி இறங்கும்போது முன்னால் இடைவெளி விழுந்திருக்கும். அதை நிரப்ப அவர் 80 போக வேண்டும். கடைசி ஆளுக்கு 90 தேவைப்படும். முதல் ஆள் செய்யும் சின்னத் தப்பு கடைசி ஆளிடம் வரும்போது பெரிதாகிவிடுகிறது.

அதனால்தான் புதிதாக வருகிறவரை லீடுக்கு அடுத்த இடத்தில் வைப்பது வழக்கம். அவருடைய வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிவிடும். யாரும் யாரையும் துரத்த வேண்டாம். விடுமுறை நாள்களில் இதே சாலையில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அவர்களுடைய கண்ணாடிகள் உள்பக்கம் மடக்கி வைக்கப்பட்டிருக்கும், சில வண்டிகளில் கழற்றியே இருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத கைப்பிடிகளைப் பார்த்தால் எனக்குத் துக்கமாக இருக்கும்.

இந்த முறை புதிது ஒரு பெண். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வண்டி ஓட்டப் பழகி இரண்டு வருடம். முதல் நெடும்பயணம். காலையில் க்ளவுஸை மூன்று தடவை கழற்றிக் கழற்றிப் போட்டதைப் பார்த்தேன்.

*

கொள்ளிடம் தாண்டி.

டெல்டாவில் சம்பா அறுப்பு. சீர்காழிக்குத் தெற்கே போகப் போகச் சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருக்கிறது. லீடின் இடது கை உயர்ந்தது. ஒரு விரல். அந்த விரல் ஒவ்வொரு கையாகத் தாவிப் பின்னால் வந்து என்னிடம் சேர்வதற்குள் வரிசை ஒற்றைக் கோடாக மாறிவிட்டது.

நெல்லின் ஓரத்தில் கல் வைத்திருக்கிறார்கள், வண்டி ஏறாமல் இருக்க. ஒரு ஆத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் நடக்கிறாள். பாதத்தைத் தூக்கி வைக்கவில்லை. இழுத்து இழுத்து நடக்கிறாள். அவள் கால் போன இடத்தில் நெல் இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்குகிறது, அடியிலிருந்த ஈரநெல் மேலே வருகிறது. கோடு முடிந்ததும் திரும்பி, பக்கத்திலேயே அடுத்த கோடு. 14 வண்டிகள் இரண்டாவது கியரில் அவளைக் கடந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியாக நான் கடக்கும்போது மட்டும், "லைட்டு எரியுது பாரு" என்றாள்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எந்நேரமும் எரியும். அணைக்க சுவிட்ச் கிடையாது. இத்தனை வருடங்கள் ஆகியும் எதிரில் வருகிறவர்கள் கையைக் குவித்து விரித்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் பேட்டரி வீணாகிறதே என்று கவலைப்படும் ஜனங்கள். நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டி நன்றி சொல்லிவிடுவேன். நீ விளக்கோடுதான் போகிறாய் என்று வழிநெடுக யாராவது சொல்லிக்கொண்டே இருப்பது நல்லதுதானே.

*

பாலங்கள். காரைக்காலில் அரசலாறு. அப்புறம் திருமலைராயன்பட்டினத்தில் திருமலைராஜனாறு. நாகூரில் வெட்டாறு. நாகப்பட்டினத்தில் கடுவையாறு. எல்லாம் காவிரியின் பிள்ளைகள். கடலுக்கு வரும்போது ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர், தனி முகத்துவாரம். பாலத்தின் மேல் ஏறும்போது ஒரு கணம் காற்று மாறும், உப்பு வாடை வரும். இறங்கினால் மறுபடி வைக்கோல் வாடை.

நாகையில் யாரும் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் நின்றுகொண்டு நினைக்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் இது. டாக்டர் அப்போது படித்துக்கொண்டிருந்தாராம், மருத்துவ முகாமுக்கு வந்தவர். துறைமுகப் பக்கம் தனியாகப் போய்விட்டு வந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.

*

வேதாரண்யம். இரவு.

கால் வலி. விரல்களில் இன்னும் இன்ஜின் அதிர்வு இருக்கிறது, பேனா பிடித்தாலும் போகவில்லை.

1930-இல் ராஜாஜியோடு ஏறத்தாழ 100 பேர் திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு உப்பெடுக்க நடந்து வந்தார்கள். ஏப்ரல் 13-ஆம் தேதி கிளம்பி 28-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். சுமார் 150 மைல். அவர்களுக்குச் சோறு போட்டால், திண்ணையில் இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

எனக்கு அந்த நடையின் வேகத்தைப் பற்றித்தான் யோசனை. ஒரு நாளைக்குப் பத்து மைல். நல்ல தெம்பிருக்கிற ஒருவர் தனியாக நடந்தால் அதைப்போல இரண்டு மடங்கு நடந்துவிடலாம். அது கொப்புளம் போட்ட காலின் வேகம். அந்தக் கால் யாருடையதோ, அவருடைய வேகத்தில்தான் மற்ற எல்லோரும் வந்திருப்பார்கள். 350 கிலோமீட்டரை ஒரு பகலில் கடந்து வந்திருக்கிற எனக்கு அதை நினைக்க நினைக்க மனசு அடங்குகிறது.

*

மஞ்சள் சட்டை.

எட்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு குழு. என் முதல் நெடும்பயணம். உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பையின் கயிறு அவிழ்ந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. நின்று கட்டினேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். நிமிர்ந்தால் சாலை காலி. இருபது பேர் போயிருந்தார்கள். பிரிவில் வந்து நின்றேன். திருச்சியா, சேலமா? அன்று எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

ஒன்றரை மணி நேரம் நின்றேன். வழி தெரியாதது பெரிய வருத்தமில்லை. இருபது பேருடைய கண்ணாடியிலும் நான் இல்லாமல் போனது தெரியவில்லை. அதுதான் குடைந்தது. முதல் பத்து நிமிடம் கோபம். அப்புறம் கூச்சம், நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்பது போல. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கூச்சம்தான் அதிகம் வலித்தது.

எதிர்த்திசையிலிருந்து ஒரு பழைய புல்லட் வந்தது. அந்தக் காலத்து வண்டி, கியர் வலது காலில். குழுவிலேயே மூத்தவர் அவர், வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. டீக்கடையில் தலையை எண்ணியிருக்கிறார், ஒன்று குறைந்திருக்கிறது. மற்றவர்கள் "வந்துருவான் ண்ணா" என்றிருக்கிறார்கள். இவர் 40 கிலோமீட்டர் திரும்பி வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் வாயைத் திறப்பதற்குள், "டீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

வேறெதுவும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும்.

அடுத்த வருடம் அவரும் நாங்கள் ஏழெட்டுப் பேருமாகத் தனிக் கிளப் தொடங்கினோம். அவர் லீட் போக வேண்டும் என்று எல்லோரும் கேட்டோம். கடைசியில்தான் வருவேன் என்றார். ஐந்து வருடம் அப்படியே வந்தார். முழங்கால் தேய்ந்து, டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகு புல்லட்டை மைத்துனர் மகனுக்குக் கொடுத்தார், சட்டையை எனக்கு. முதுகில் ஒளிப்பட்டை ஓர் ஓரத்தில் உரிந்திருக்கிறது. அவர் அதைக் கறுப்பு நூலால் தைத்து வைத்திருந்தார். கோணல்மாணலான தையல். மாற்றும்படி பலர் சொல்லிவிட்டார்கள். மாற்றப்போவதில்லை.

*

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. அதன் பிறகு ஒருமுறை இந்த வழியில் வந்திருக்கிறேன். தென்னந்தோப்புகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, யாரோ வகிடெடுத்து வாரிவிட்ட தலைமுடியைப் போல. இன்று பார்த்தால் அப்போது நட்ட கன்றுகள் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. ஒரு தோப்பில் பழைய அடிமரங்கள் வரிசையாக அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புது மரம்.

காலையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் இன்னிக்குப் பின்னாடி வரட்டுமா? லீடு அண்ணா கண்ணாடியிலயே என்னைப் பார்த்துட்டு இருக்கற மாதிரி இருக்கு. கை நடுங்குது." வழக்கம் அப்படி இல்லைதான். ஆனால் கை நடுங்குகிறவளை எங்கே வைப்பது என்று விதியில் இல்லை. லீடிடம் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் விட்டேன். கொஞ்சம் இடைவெளி அதிகமாகவே கொடுத்து வந்தேன். மணமேல்குடி வருவதற்குள் அவள் தோள் இறங்கி இயல்புக்கு வந்துவிட்டது. முதுகு பொய் சொல்லாது.

*

கோட்டைப்பட்டினத்துக்கு அப்பால்.

அவளுடைய பின்சக்கரம் லேசாக வாலாட்டியது. பஞ்சர். விளக்கை அடித்துக் காட்டினேன். பதறாமல் ஓரம் கட்டினாள். கம்பிச் சக்கரம், ட்யூப் உள்ள டயர். கழற்றித்தான் ஆக வேண்டும். நல்லவேளையாக, கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய லாரி டயரில் வெள்ளைப் பெயிண்டால் "பஞ்சர்" என்று எழுதி நட்டு வைத்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு போனோம். போகிற வழியெல்லாம் "சாரிண்ணா, என்னால எல்லாருக்கும் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"டீ சாப்பிடறியாம்மா?" என்றேன்.

கடைக்காரப் பெரியவர் சாக்கை விரித்து உட்கார்ந்தார். இரண்டு லீவரால் டயரின் விளிம்பை நெம்பி ட்யூபை உருவினார், மீன் குடலை உருவுகிற லாகவத்தோடு. காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பினார். ஓரிடத்தில் கடுகு கடுகாகக் குமிழ் கோர்த்து வந்தது. துடைத்து, அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதினார். ஒட்டுவார் என்று பார்த்தால் ட்யூபைத் தொடையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். "காயணும். ஈரத்துல ஒட்டுனா பிடிக்காது."

அந்த நேரத்தில் டயருக்குள் கையை விட்டார். உள்பக்கத்தை விரல் நுனிகளால் தடவிக்கொண்டே வந்தார், மிக மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. முக்கால் வட்டம் வந்ததும் விரல் நின்றது. "இருக்கு. இதை எடுக்காம மாட்டினா ரெண்டு மைல்ல மறுபடி குத்தும்." குறடால் வெளிப்பக்கமிருந்து இழுத்தார். சீமைக்கருவேல முள். முக்கால் அங்குலம் இருக்கும், நுனி ஒடியாமல். அவள் உள்ளங்கையை நீட்டினாள், அதில் வைத்தார்.

இதற்குள் வங்கிக்காரர் திரும்பி வந்திருந்தார். நடந்ததைப் பிறகு மீமிசலில் எல்லோரும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கண்ணாடியில் அவள் விளக்கு தெரியவில்லை, குறைத்தார், நின்றார். அவருக்கு முன்னால் போன தம்பிக்கு இவர் விளக்கு இல்லை, நின்றார். தம்பியைக் காணாமல் அண்ணன். அண்ணனைக் காணாமல் டாக்டர். யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒரு வேப்பமரத்தடியில் ஒருவர், ஒரு மதகின் மேல் ஒருவர், ஒரு தர்கா வாசலில் ஒருவர் என்று 11 பேர் தனித்தனியாக நின்றிருக்கிறார்கள், பின்னால் திரும்பிப் பார்த்தபடி. கடைசியில் லீட் மீமிசல் கடைவீதியில் நின்றார்.

ஹெல்மெட்டுக்குள் ஆள் தனி. நாளெல்லாம் கேட்பது தன் மூச்சும் காற்றும் மட்டும்தான். கூட வருகிறவர்களோடு ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் பேசினால் அதிகம். அந்த வேப்பமரத்தடியில் நின்றவரும் அவளும் அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் நின்றார்.

மீமிசலில் அவளைப் பார்த்ததும் ஒருவரும் லேட் என்று சொல்லவில்லை. அவளும் சாரி சொல்லவில்லை. முள்ளை எடுத்துக் காட்டினாள்.

*

பாம்பன் பாலம், மாலை. இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1988-இல் இது திறக்கும்வரை தரைவழியாகத் தீவுக்கு ரயிலில்தான் வர வேண்டியிருந்தது. வாடைக்காற்று குறுக்கே தள்ளுகிறது. காற்றை எதிர்த்துக் கைப்பிடியை இறுக்கினால் வண்டி மல்லுக்கு நிற்கும். கையைத் தளர்த்தி, உடம்பைக் காற்றின் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் தானாக நேர்க்கோட்டில் போகும். நடுப்பாலத்தில் அவள் முதுகு அதைக் கண்டுகொண்டதைப் பார்த்தேன்.

*

அரிச்சல்முனை. காலை.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து இங்கே வரை ஒன்பதரை கிலோமீட்டர், அம்பு போன்ற சாலை. 2017-இல்தான் இது திறந்தது. அதற்கு முன்னால் மணலில் வேன்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் குளம் போல அடங்கிய கடல். இங்கே உள்ளவர்கள் ஆண்கடல், பெண்கடல் என்பார்கள்.

திரும்பும் வழியில் இடிந்த சர்ச் அருகே வண்டிகளை நிறுத்தினோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் புயல் அலையில் போனது. உள்ளே நூறு பேருக்கு மேல். ஒருவரும் மிஞ்சவில்லை. ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் உண்டே. இருட்டில், மழையில், தண்டவாளம் வரும் திசையில் ஒரு விளக்கு தெரிகிறதா என்று எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்கள். அதற்குள் கடல் அவர்களிடமும் வந்துவிட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாவியைத் திருப்பியதும் விளக்கும் அணைந்துவிடும். அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம் அங்கே பெரிதாகக் கேட்டது.

*

மண்டபத்தில் வங்கிக்காரருடைய பையின் கொக்கி விட்டுவிட்டது. நின்று கட்டிக் கொடுத்தேன். அவர் கிளம்பிவிட்டார். நான் சாமான்களை எடுத்து வைத்துக் கிளம்பும்போது, முன்னால் மீன் லாரிகள் வரிசையாகப் புகுந்துவிட்டன. உச்சிப்புளி தாண்டியும் ஒரு முதுகும் கண்ணில் படவில்லை. கடைசி வண்டி பின்தங்குவது சாதாரணம். தேட வேண்டியவன் நான்தான் என்பதால் என்னைத் தேடுவார்களா என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் கீழக்கரைச் சாலை இடதுபக்கம் பிரிகிற இடம். ஆட்டோ, பஸ், இளநீர்க் கடை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அந்த நெரிசலில் ஓரமாக ஒரு வண்டி. இடது இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிகிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நான் வருகிற திசையில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி நிற்கிறாள். வெயில் முகத்தில் நேராக அடிக்கிறது. கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்திருக்கிறாள்.

என் விளக்கைக் கண்டதும் கை இறங்கியது. கண்ணாடியை மூடினாள், கியர் போட்டாள். திரும்புவதற்கு முன் ஒரு தடவை பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.